ஏழாவது கை

மாதேஸ்வரியை உறுப்பினராக வைத்திருப்பதா, நீக்குவதா என்ற பேச்சு வந்தபோது அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

ஜூஜுவாடியில், நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடை மாடியில் கட்சியின் கிளைக் கூட்டம். மொத்தம் ஏழு பேர்.

செயலாளர் வெங்கடசாமி நோட்டைப் பிரித்துத் தேதிகளை வாசித்தார். தொடர்ந்து மூன்று ஞாயிறு, மூன்று கூட்டம். ஒன்றுக்கும் அவள் வரவில்லை. அப்படி வராதவரை நீக்கலாம் என்பது விதி.

லால் பாஷாவுக்குப் பொறுக்கவில்லை. சிப்காட்டில் லோடு ஏற்றுகிறவர். அவர் மெதுவாகப் பேசினாலே கீழே பஞ்சர் கடைக்காரர் அண்ணாந்து பார்ப்பார்.

“ஞாயித்துக்கெழமையும் ஓ.டி. போட்டு அடைச்சு வெக்கிறான். நம்ம கட்சியில யாரு இருக்கணும்னு கம்பெனிக்காரனா தோழர் முடிவு பண்றது? அந்தம்மா ஸ்ட்ரைக்குல கேட்டுக்கு முன்னால நின்னப்ப நீங்க அட்டெண்டன்ஸா எடுத்தீங்க?”

“கேட்டுல நூறு பேரு நின்னாங்க. நூறு பேரும் உறுப்பினரா? பேரு இருந்து ஆளு வரலைன்னா அது கட்சி இல்ல பாஷா, ரேஷன் கார்டு,” என்றார் வெங்கடசாமி.

இன்னொரு உறுப்பினரான நிர்மலா சிரித்துவிட்டாள். பிறகு மாதேஸ்வரியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

கம்பெனியில் மாதேஸ்வரி ஒரு கான்ட்ராக்ட் நம்பர். ‘தோழர்’ என்று யாராவது கூப்பிடுவது இந்த மாடியில் மட்டும்தான். அதை விடக்கூடாது என்றுதான் இன்றைக்கு ஓ.டி.க்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

வைத்திருக்க மூன்று கை. நீக்க மூன்று கை.

“முடிவாகுற வரைக்கும் நீங்களும் உறுப்பினர்தான் தோழர். உங்க ஓட்டு?” என்றார் வெங்கடசாமி. விதி என்றால் அவருக்கு எல்லாப் பக்கமும் விதிதான்.

லால் பாஷா தொடையைத் தட்டினார். “தூக்கும்மா. முடிஞ்சுது கதை!”

அவள் தூக்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

ஒவ்வொரு தேதிக்கும் கீழே வெங்கடசாமியின் கோணல் எழுத்தில் ஒரே வரி: ‘தோழர் மாதேஸ்வரிக்காக அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு கூட்டம் தொடங்கியது.’

மூன்று தேதிக்கும் அதே வரி.

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்களும் அந்த ஆறு பேரில் உண்டு.

போன மாதம் காய்ச்சலில் நான்கு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. முதல் நாளே, சைரன் ஊதி ஐந்து நிமிஷத்தில், அவளுடைய மெஷினில் வேறொருத்தி நின்றாளாம். திரும்பிப் போனபோது சூப்பர்வைசர் ஏன் வரவில்லை என்றுகூடக் கேட்கவில்லை.

பிறந்ததிலிருந்து அவள்தான் எல்லாவற்றுக்கும் காத்துக் கிடந்திருக்கிறாள்.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

“நீக்குறதுக்கு,” என்று சொல்லிக் கையைத் தூக்கினாள்.

வெங்கடசாமியின் பேனா எழுதாமல் நின்றது.

மாதேஸ்வரி நோட்டை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

“அடுத்த ஞாயிறும் எனக்கு ஓ.டி.தாங்க தோழர். நேரத்துக்கு ஆரம்பிச்சிருங்க.”