மூன்றாவது தப்பு

“மூணாவது தப்புங்க. இந்த ஆளு வேலை காலி” என்றாள் துர்கா, லேப்டாப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தான் அவள் புருஷன் ஆனந்தராஜ். தோளில் பையோடு அப்படியே நாற்காலியில் சரிந்தான். “எந்த ஆளு?”

இருவருக்கும் ஒரே மெடிக்கல் கோடிங் கம்பெனி. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் செய்யும் பரிசோதனைகளுக்கு ஆபீசில் இருப்பவர்கள் பில்லிங் கோடு போடுவார்கள்; அதில் தப்புக் கண்டுபிடிப்பது வீட்டிலிருக்கும் துர்காவின் பிழைப்பு. மாதத்தில் மூன்று தப்பு என்றால் கோடு போட்டவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“யாருன்னு தெரியலை, வெறும் நம்பர்தான் வருது. யூரின் டெஸ்ட்டு. டாக்டர் கல்ச்சர், சென்சிட்டிவிட்டின்னு சேத்து எழுதியிருக்காரு. இவரு ரெண்டுக்கும் கோடு போட்டுட்டாரு. ரிப்போர்ட்ல கிருமியே வளரலை. வளராத கிருமிக்கு எந்த மருந்து கேக்கும்னு யாருங்க பாத்திருப்பாங்க?”

“அந்தம்மாவுக்கு சென்சிட்டிவிட்டி செஞ்சிருக்கவே மாட்டாங்க. தப்புதான். போடு.”

துர்காவுக்கு மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுத் தறிகூட ஓய்ந்துவிட்டது. அவளுக்கு இது இன்றைக்கு நூற்றுப் பத்தாவது ரிப்போர்ட். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது. கோடு போட்டவர் மட்டும் என்ன இரும்பா?

“விட்டுடட்டுமாங்க? பாவமா இருக்குது.”

“நீ பாத்ததை ஆபீஸ்ல மேல ஒருத்தன் மறுபடியும் பாத்துக்கினுதான் இருக்கான். விட்டது தெரிஞ்சா உன் வேலையும் போயிடும். யோசிச்சுத்தான் சொல்றேன், போடும்மா.”

தெரு நாய்க்கு தினமும் பிஸ்கட் வாங்கிப் போடுகிற மனுஷன், கூட வேலை செய்கிறவனுக்கு இரக்கப்பட மாட்டேன் என்கிறானே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்திலேயே ‘தப்பு’ என்று குறித்து அனுப்பினாள். அனுப்பியதும் கண் கலங்கிவிட்டது.

“அனுப்பிட்டேன், போதுமா? நாளைக்குக் கூப்பிட்டு லெட்டரைக் குடுத்துடுவாங்க. கல்யாணமான ஆளா இருந்தா பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்லுவாரோ, பாவம்!”

ஆனந்தராஜ் தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

“இப்படித்தான், துர்கா.”