பதினேழாம் நம்பர்

வெளிநாட்டில் இங்கிலீஷ் வாத்தியாராகச் சேர்ந்தவருக்குப் புது வீட்டில் சாமான் அடுக்குவதைவிட மாணவர்களின் பெயர்கள்தான் பெரும்பாடாக இருந்தன. பதினாறு பெயரில் ஒன்றுகூட வாயில் நுழையவில்லை. அதனால் தினமும் சாயங்காலம், பிரிக்காத அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டை வரிசை எண்ணோடு சத்தமாகப் படித்துப் பழகினார்.

ஊரில் நாற்பது பேருக்கு அட்டெண்டன்ஸ் எடுத்த வாய், மூன்றாம் நாள் பதினாறில் நிற்காமல் "பதினேழு" என்றது.

"யெஸ் சார்" என்றது சமையலறையிலிருந்து ஒரு சின்னக் குரல்.

கை தானாக டிக் போட்டது. அதற்குப் பிறகுதான் வியர்த்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊரிலிருந்த மனைவிக்குப் போன் போட்டார். "வீட்ல யாரோ இருக்காங்கடி. தினமும் ஆஜர் சொல்லுது."

அவளும் டீச்சர்தான். "ஒருநாள் விடாம வருதா? உங்க வகுப்புக்கா? விரட்டிடாதீங்க."

வெள்ளிக்கிழமை பதில் வரவில்லை. மூன்று தரம் கூப்பிட்டார். சனிக்கிழமை "யெஸ் சார்" வந்ததும் பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"நேத்து எங்க போன? அப்பா அம்மா கையெழுத்தோட லீவ் லெட்டர் இல்லாம உள்ள விடமாட்டேன்!"

மறுநாள் அடுப்புமேல் கடிதம் இருந்தது. காய்ச்சலாம். கீழே இரண்டு கையெழுத்து. மை இன்னும் காயவில்லை. அதற்கும் கீழே ஒரு வரி:

"மற்ற ஐந்து பிள்ளைகளையும் நாளை முதல் அனுப்பலாமா?"