ஊமைப் பெட்டி

"மத்த பொட்டியில எல்லாம் சத்தம் வருது பாய். இந்தா, கீழ உக்காந்திருக்குல்ல பெரிய பொட்டி, அது மட்டும் முந்தாநாள்லருந்து ஊமையாயிருச்சு!"

அசோக்குமார் படபடவென்று சொல்லிக்கொண்டே போக, ஹோம் தியேட்டர் ரிப்பேருக்கு வந்திருந்த சிராஜ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

ஒத்தக்கடையைத் தாண்டிப் புதிதாக முளைத்த வீடுகளில் அதுவும் ஒன்று. குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. அக்கம்பக்கத்தில் ஆள் அரவமே கிடையாது. ஜன்னலுக்கு வெளியே யானைமலை மத்தியான வெயிலில் படுத்துக் கிடந்தது. மலை, வேப்பமரம், மரத்தடி நாய் எல்லாமே தூங்கின. ஹாலில் தொங்கிய தொட்டிலில் கிடந்த ஐந்து மாதக் குழந்தை மட்டும் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள் அசோக்குமாரின் மனைவி அஸ்வினி. கண் திறந்திருந்ததே தவிர, அவள் விழித்திருப்பதாகத் தெரியவில்லை. கை தன்பாட்டுக்கு ஆட்டியது. தலை ஒரு பக்கமாகச் சரிவதும் நிமிர்வதுமாக இருந்தது.

சிராஜுக்கு மனசு என்னவோ செய்தது. மூன்று பெண் பிள்ளைகளைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர். பிள்ளைகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"தூங்கி எம்புட்டு நாளாச்சும்மா?"

"ஞாபகம் இல்லண்ணே" என்றாள் அவள், கனவில் பேசுகிறவளைப் போல.

"தம்பி, பாப்பா தூங்கட்டும். நான் வேணா சாயங்காலமா வாரேனே?"

"ஐயோ, வேணாம் பாய்! இப்பவே பாருங்க. ராப்பகலா இது ஓடியாகணும். தரையெல்லாம் அதிரணும். எனக்கு அம்புட்டுத்தேன் வேணும்."

அட மனுசா, உனக்கெல்லாம் ஒரு பொண்டாட்டி பிள்ளை கேடா என்று சிராஜ் மனசுக்குள் வைதார். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் தரை அதிரணுமாம்! பெற்றவள் நின்றபடி தூங்குகிறாள், இவனுக்குச் சினிமாக் கொட்டகை கேட்கிறது.

"கடைசியா இதை யாரு தொட்டது?"

"நாந்தேன்" என்றாள் அஸ்வினி. "முந்தாநாள் ரிமோட்ட எடுத்தேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசலில் தண்ணீர் வண்டியின் ஹாரன் கேட்டு அசோக்குமார் குடத்தோடு ஓடினான். "நான் தொட்டிலை ஆட்டுறேன். நீ பின்னாடி போயி முகத்தைக் கழுவிட்டு வாம்மா" என்று அஸ்வினியையும் அனுப்பிவைத்தார் சிராஜ்.

ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மறுகையால் வேலையைப் பார்த்தார். பெட்டியில் விளக்கு எரிந்தது. ஒயர் சரி. பியூஸ் சரி. அசோக்குமார் கொடுத்த பென் டிரைவைச் சொருகினார். படமும் இல்லை, பாட்டும் இல்லை. தூறல் விழுகிற மாதிரி ஒரு 'சர்ர்ர்' மட்டும் சின்னப் பெட்டிகளில் கேட்டது. என்ன ரசனையோ என்று அதை ஓடவிட்டபடியே, ரிமோட்டை அமுக்கி அமுக்கி மெனுவுக்குள் போனார்.

அங்கே இருந்தது விஷயம். பெரிய பெட்டிக்கு நேரே 'நோ' என்று இருந்தது.

தானாக நடக்கிற காரியமா இது? ரிமோட்டை எடுத்தவள் தலை குனிந்தது ஏன் என்று சிராஜுக்குப் புரிந்துவிட்டது.

சோதித்துப் பார்க்க 'எஸ்' என்று மாற்றினார். பெட்டி 'ம்ம்ம்' என்று முனகியது. தரையில் ஓடிய அதிர்வு அவருடைய உள்ளங்காலில் ஏறி முதுகெல்லாம் பரவியது. ஒரு நிமிடம் அவருக்கே கண்ணைச் சொக்கியது. அப்போதுதான் கவனித்தார்: குழந்தையின் அழுகை சட்டென்று நின்றிருந்தது.

யா அல்லா, பாப்பா பயந்திருச்சே! பதறிப்போய் மறுபடி 'நோ' என்று வைத்தார். குழந்தை முன்னைவிட உரக்க அழுதது.

"என்ன பாய், ஆச்சா?" நெற்றி வியர்வையைத் துடைத்தபடி அசோக்குமார் வந்தான். ஈர முகத்தோடு அஸ்வினியும் வந்து நின்றாள்.

சிராஜ் அவளுடைய சிவந்த கண்களைப் பார்த்தார். இருபது வருடத் தொழிலில் சொல்லாத பொய்யை அந்தக் கண்களுக்காகச் சொன்னார்.

"உள்ள இருக்கிற காயிலு, அதான் கம்பிச்சுருளு, கருகிப்போச்சு தம்பி. இந்த மாடலுக்கு இப்ப வர்றதே இல்ல. மூணு மாசமாச்சும் ஆகும்."

"மூணு மாசமா!" அசோக்குமார் சோபாவில் அப்படியே சாய்ந்துவிட்டான்.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டே சிராஜ் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். ஒரு புண்ணியம் செய்த நிறைவோடு திரும்பி, "இனிமே நிம்மதியாத் தூங்கும்மா" என்றார்.

அஸ்வினி தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"எங்கிட்டுண்ணே தூங்குறது? தூக்கக் கலக்கத்துல நாந்தேன் ரிமோட்டுல எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்! வில்லாபுரத்துல மாவு மில்லுக்கு மேல மாடியில குடியிருந்தோம்ணே. அங்கனயே பொறந்து வளந்த புள்ளைக்கு மில்லு ஓடுற அதிர்வு இல்லாட்டி கண்ணு மூட மாட்டேங்குது. அந்தச் சத்தத்தைப் பென் டிரைவுல பிடிச்சாந்து, இந்தப் பெரிய பொட்டியில போட்டுத்தேன் இம்புட்டு நாளும் தூங்க வச்சோம்!"

சிராஜ் மாட்டிய செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார்.