பெட்டிக்குள் முதல் கை

"இன்னைக்கு அவரைக் கையும் களவுமா பிடிக்கலைன்னா நான் டீச்சரே இல்லை!"

டீச்சர் சொன்னால் சொன்னதுதான். முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு அவர் திருத்துவதற்கு மிஞ்சியது இந்தச் சின்னச் சபையின் இருபத்திரண்டு பேர்தான்.

"யாரைக்கா?" என்றாள் ஆராதனைக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த தையல்காரம்மா.

"எலக்ட்ரீஷியனைத்தான். மூணு மாசமா பார்க்கறேன். கடைசி ஆமென் சொல்லி வாய் மூடலை, பெட்டி முன்னால முதல் ஆளா நிக்கறார்."

பெட்டி என்றால் ஜெபப் பெட்டி. அவரவர் பேரும் விண்ணப்பமும் எழுதிய சீட்டு அதற்குள் இருக்கும். ஆராதனை முடிந்து போகும்போது ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதில் இருப்பவருக்காக வாரம் முழுக்க ஜெபிக்க வேண்டும். யார் சீட்டு யாரிடம் என்று வெளியே சொல்லக்கூடாது. அடுத்த ஞாயிறு வரும்போது திருப்பிப் போட்டுவிட வேண்டும். பெட்டிக்குப் பொறுப்பு டீச்சர். எல்லாரும் எடுத்த பிறகு மிஞ்சும் கடைசிச் சீட்டு அவருக்கு.

"நாமெல்லாம் கையை விட்டோமா, எடுத்தோமான்னு போறோம். இவர் மட்டும் கிணத்துல விழுந்த வாளியைத் தேடற மாதிரி துழாவறார். எடுத்ததைப் பிரிச்சுப் பார்க்கறதுகூட இல்லை. நேரா சட்டைப்பை!"

"அதனால என்னக்கா..."

"என்னவா? ஆள் பார்த்துச் சீட்டு எடுக்கறார்டி! ஜெபத்துல வேண்டியவங்க, வேண்டாதவங்க உண்டா?"

தையல்காரம்மா போட்ட நாற்காலியையே மறுபடி நகர்த்திப் போட்டாள்.

ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்தது. டீச்சர் எழுந்தார். வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்ட அந்தக் குரல் அன்றைக்கு முதல் வரிசையைத் தாண்டவில்லை.

"ரெண்டு வருஷமா என்கிட்ட பேசாத என் மக வியாழக்கிழமை போன் பண்ணா. 'அம்மா, சாப்பிட்டியா'ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. என் சீட்டு யார் கையில இருந்துச்சோ எனக்குத் தெரியாது. அவங்களுக்கு..."

உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்தோத்திரம்!" என்று பின்னாலிருந்து சலூன்காரர் முழங்கினார். ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

கடைசி ஆமென்.

எலக்ட்ரீஷியன் வழக்கம்போல் முதல் ஆளாக வந்தார். கையை விட்டார். துழாவினார். வெளியே வந்த கையை டீச்சர் மணிக்கட்டோடு பிடித்துவிட்டார்.

"கையைத் திறங்க பிரதர்."

"வேணாம் டீச்சர்."

"திறங்க! பரீட்சையில பிட்டு வெச்ச பையன் மாதிரி முழிக்காதீங்க."

போதகர் விரைந்து வந்தார். அவருக்கு 'உட்காருங்க' என்பதைக்கூடப் பிரசங்கமாக இழுத்துத்தான் சொல்ல வரும். "டீ...ச்சரம்மா, இது கர்த்தருடைய சமூ...கம்..."

"அதனாலதான் ஐயா கேட்கறேன். அவர் கண் முன்னாலயே கள்ளாட்டமா?"

எலக்ட்ரீஷியன் மெல்லக் கையைத் திறந்தார்.

பளபளவென்று கெட்டியாக ஒரு சீட்டு. கசங்கக் கூடாது என்று மூன்று மாதம் முன்பு டீச்சரே கடையில் கொடுத்து லேமினேட் செய்து வாங்கியது. மற்றதெல்லாம் மடித்த காகிதம். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் அடையாளம் தெரியும் சீட்டு அது ஒன்றுதான்.

"இது... என் சீட்டாச்சே! இதையா வாராவாரம் தேடி எடுத்தீங்க? ஏன்?"

தையல்காரம்மா நாற்காலிக் காலைப் பார்த்தாள். சலூன்காரருக்கு மட்டும் எதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். கெட்டியா கையில பட்டா நாங்க விட்டுடுவோம். உங்களுக்காக ஜெபம் பண்ண உட்கார்ந்தா, நீங்க பக்கத்துல நின்னு தப்பு தப்புன்னு திருத்தற மாதிரியே இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டார். விடை வந்தது.

"எல்லாரும் விட்டுட்டா, கடைசியில மிஞ்சறது என் சீட்டுதானே? கடைசிச் சீட்டு எனக்குத்தானே? என் சீட்டு எனக்கே ஒரு தடவைகூட வந்ததில்லையே!"

"ஒரு தடவை வரப் பார்த்துச்சு டீச்சர்." எலக்ட்ரீஷியன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "மூணு மாசம் முன்னாடி. நீங்க குடை எடுக்கப் போயிருந்தீங்க. பெட்டியில இது ஒண்ணுதான் கிடந்துச்சு. நான் எடுத்திருந்த சீட்டை உள்ளே போட்டுட்டு, இதை எடுத்துக்கிட்டேன். அன்னையிலேர்ந்து... கடைசிவரைக்கும் விட்டுவெச்சா நீங்க பார்த்துடுவீங்களேன்னுதான், முதல் ஆளா வந்துடறேன்."

டீச்சர் அவர் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. ஆனால் பிடி மாறியிருந்தது.

"அக்கா, அடுத்த வாரம் நான் எடுக்கறேன்க்கா" என்றாள் தையல்காரம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எடுடி. ஆனா வரிசையில அவருக்குப் பின்னால நில்லு."

போதகர் வாழ்க்கையில் முதல்முறையாக இழுக்காமல் பேசினார். "டீச்சர், இனிமே சாதாரணக் காகிதத்துல எழுதிப் போடுங்க. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

டீச்சர் அந்தச் சீட்டைத் தன் கையாலேயே எலக்ட்ரீஷியனின் சட்டைப்பையில் வைத்தார்.

"கெட்டியாவே இருக்கட்டும் ஐயா. பிரதர் தேடும்போது கையில அகப்படணுமில்ல."