மருமகளுக்கு ஒரு சீட்டு

நார்வேயிலிருந்து முந்தாநாள் வந்த மருமகள் இன்கிரிட்டை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போக, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார் சுப்புராஜ். பஸ் நுழைந்ததுமே கூட்டம் மொய்த்தது.

"பயப்படாதம்மா. நான் போயி இடம் பிடிக்கேன், நீ பொறவு மெதுவா ஏறு" என்று சொல்லிவிட்டு முண்டியடித்து ஏறினார்.

மிச்சமிருந்த ஒரே சீட்டில் ஒரு கர்ச்சீப் கிடந்தது.

"ஏலே, ஜன்னல் வழியா இதப் போட்டவன் எவம்லே? வெளிநாட்டுப் புள்ள நம்மளப் பத்தி என்ன நினைக்கும்?" என்று அதைத் தூக்கி வெளியே வீசினார்.

பின்னாலேயே ஏறி வந்த இன்கிரிட்டிடம், "உக்காரும்மா" என்றார்.

அவள் உட்காராமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, புருஷன் சொல்லிக்கொடுத்த தமிழில் சொன்னாள்:

"வந்த அன்னிக்கே மதுரையில பார்த்துக் கத்துக்கிட்டேன் மாமா. அது உங்களுக்கு நான் பிடிச்ச இடம்."