வெறுங்கால்

"ஊசியைக் கீழ போடுங்கம்மா! எம்பொண்ணு உடம்பு இன்னா ஊத்துக் கெணறா, ஆளாளுக்கு எறைக்கிறதுக்கு?"

ஆஸ்பத்திரி நடையில் நின்று கத்தினார் வீராசாமி. நர்சுக்குப் படிக்கிற பெண்கள் ரத்தம் கொடுக்கிறார்கள் என்று சந்தையில் யாரோ சொன்னதும், விற்கச் சுமந்து வந்த அம்மிக்கல்லை அப்படியே இறக்கிவிட்டு ஓடி வந்திருந்தார்.

"கத்தாதீங்க பெரியவரே," என்றாள் பெரிய நர்ஸ் ஞானம்மாள். "பிள்ளை பெத்தவ ஒருத்தி ரத்தம் போய் உள்ள இழுத்துகினு கெடக்கா."

"அவளுக்குப் புருஷன் இல்லியா?"

"இருக்கான். ரத்தம் குடுய்யான்னோம். கற்பூரம் ஏத்திட்டு வரேன்னு மலைக்கோயிலுக்குப் போனான். காலையில போனவன்."

வீராசாமியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சாமிகிட்ட போறது குத்தமா?"

அதற்குள் ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து அவர் மகள் ரஞ்சிதம் வெளியே வந்தாள். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டியிருந்தாள்.

"இன்னா நைனா?"

"கெளம்புடி வூட்டுக்கு. படிச்சது போதும். மத்த பொண்ணுங்களுக்குத்தான் புத்தியில்ல, உனக்குமா?"

"மணியம்மை, ரத்தம் எடுத்தப்பறம் தர்ற பாலுக்காகக் குடுக்கிறா. தமயந்தி, டாக்டரம்மா மெச்சிக்கணும்னு குடுக்கிறா. என் காரணம் வேற."

"இன்னா பெரிய வேற? சொல்லேன்!"

அவள் அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள். அது அவருக்குத் தெம்பாகிவிட்டது. நாலு பேர் கூடிவிட்டதைப் பார்த்து மார்பில் தட்டிக்கொண்டார்.

"உங்கம்மா இதே ஆஸ்பத்திரியில கெடந்தப்போ ஓடிப்போய் மலைப்படி அத்தனையும் ஏறினவன்டி நான்! அடிவாரத்துல உட்ட செருப்பு களவு போச்சு. அவளும் போயிட்டா. ஆறு வருஷமா இந்தக் காலு செருப்பப் பாத்திருக்கா? ஊரே கும்புடுது. கேட்டுப் பாரு!"

ஊர் கும்பிட்டது உண்மைதான். 'வெறுங்கால் வீராசாமி' என்றால் டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள். பெண்டாட்டிக்காக இப்படி ஒரு விரதமா என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

"செத்த நில்லு நைனா," என்று ரஞ்சிதம் பக்கத்து விடுதியில் இருந்த தன் அறைக்குப் போனாள். துணிமணி எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்து அவர் ஞானம்மாளைப் பார்த்து மீசையைத் தடவினார்.

அவள் பழந்துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்து, அவர் காலடியில் குனிந்து பிரித்து வைத்தாள்.

ஒரு ஜோடி தோல் செருப்பு. இடது வாரில் செப்புக் கம்பி முடிச்சு. அது அவரே போட்ட முடிச்சு.

"இது அடிவாரத்துல கெடக்கல நைனா. தோ, அந்த ரத்தம் எடுக்கிற ரூம்பு வாசல்ல கெடந்துச்சு. ரத்தம் குடுக்க வந்த நீ ஊசியப் பாத்துட்டு பின்பக்கமா ஓடினப்போ, அம்மாவுக்குத் தண்ணி எடுத்துகினு வந்த நான்தான் பொறுக்கி வெச்சேன்."

சுருட்டிய கையைத் தேய்த்துக்கொண்டே அவள் உள்ளே திரும்பினாள்.

"வெயில் சுடுது. போட்டுகினு போ."