எந்த லைகஸ்?

உச்சி வெயிலில் கழுதையை ஓட்டிக்கொண்டு மலையேறி வந்தான் தேமியாஸ். கோயிலில் காவலுக்கு ஒரே ஒரு பெண்தான் உட்கார்ந்து ஒலிவக்காய் கொறித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்குப் பாதி உயிர் வந்தது.

மீதி உயிர், உள்ளே லைகஸ் உறங்கும் கல்பெட்டியின் மூடி எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தது.

"வா தம்பி. எந்த ஊரு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்க்கா. லைகஸைக் கும்பிட வந்தேன்."

"கும்பிட வர்றவன் கடப்பாரையோடயா வருவான்?"

தேமியாஸ் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் தள்ளினான். "வழியில பாம்பு நடமாட்டம்னு சொன்னாங்க..."

"பாம்புக்குக் கடப்பாரையா! பெரிய வீரன்தான் போ" என்று சிரித்தாள் மெலித்தா. புருஷன் போனபிறகு அந்தக் கோயிலை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க லைகஸ் தங்கம் தம்பி. காய்ச்சல்ல துவண்ட பிள்ளையைப் பெட்டிமேல படுக்கவெச்சா, பொழுது சாயறதுக்குள்ள ரொட்டி கேட்டு அழும். ஆனா பேருதான் வில்லங்கம். நாடு முழுக்க லைகஸுங்க. ராஜாவைக் கொன்னு நாட்டைப் பிடிச்சவன் ஒருத்தன், அண்ணன் மகளை அடைச்சுவெச்சுக் கொடுமை பண்ணவன் ஒருத்தன், கூடப்பிறந்தவன்கிட்ட நாட்டைப் பறிகொடுத்தவன் ஒருத்தன். பாட்டுக்காரனுக்கே எந்த லைகஸ்னு குழம்பிப்போயிடும்."

"எங்க ஊர்லயும் ஒரு லைகஸ் சமாதி இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான் தேமியாஸ்.

"அப்படியா? அவரு எப்படி?"

"அவரும்... பெரிய ஆளுதான்."

வசந்தகாலம் தொட்டே அவன் ஊரில் எதுவும் சரியில்லை. பசுக்களின் கரு கலைந்தது, கிணறு வற்றியது. இப்போது அவன் மகளும் படுத்த படுக்கை. டெல்ஃபி கோயிலுக்கு ஆள் அனுப்பிக் குறி கேட்டார்கள். 'இரண்டு லைகஸும் ஒரே கூரையின் கீழ் உறங்கட்டும்' என்று பதில் வந்தது. ஊர்கூடிச் சீட்டுப் போட்டதில் தேமியாஸின் பெயர் விழுந்தது. அடுத்த ஊர்ச் சமாதியில் கைவைத்து மாட்டிக்கொண்டால் கல்லாலேயே அடித்துக் கொன்றுவிடுவார்கள். அவன் மனைவிக்கும் அது தெரியும். இருந்தும், காய்ச்சலில் கிடந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றுதான் சொன்னாள்.

பாலாடைக்கட்டியும் ஒரு ஜாடி மதுவும் எடுத்து மெலித்தா முன்னால் வைத்தான்.

ஒரு வாய் குடித்தவள் புருவத்தைத் தூக்கினாள். "தண்ணி கலக்கலையா?"

"கலந்தா ருசி போயிடும்க்கா."

"ரொம்பத்தான் அக்கறை!"

ஜாடி காலியானது. சற்று நேரத்தில் தூணில் சாய்ந்தபடி மெலித்தா குறட்டைவிட்டாள்.

தேமியாஸ் கழுதைமேலிருந்த கோணியையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். கல்மூடியின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். அசையவில்லை. மகளின் கொதிக்கும் நெற்றி நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நெம்பினான். கர்ரென்று மூடி ஒரு முழம் நகர்ந்தது.

வெளியே குறட்டை நிற்கவில்லை.

கோணியின் வாயை அவிழ்த்து, மேலே இருந்த வைக்கோலை விலக்கினான். தன் ஊர் லைகஸின் தொடையெலும்பை எடுத்தான். பிறகு விலாவெலும்புகள். கடைசியாக, செத்தும் கோபம் தீராததுபோல் பல்லை இளித்த மண்டையோடு.

"சாமி, நீங்க நல்லவரு. இவரால நாங்க பட்டது போதும். கூடவே வெச்சுக்கிட்டு நாலு நல்ல புத்தி சொல்லுங்க" என்று முணுமுணுத்தபடி மண்டையோட்டைப் பெட்டிக்குள் இறக்கினான். அது பாதியிலேயே எதன்மேலோ இடித்து நின்றது. அழுத்திப் பார்த்தான். உள்ளே இடமே இல்லை.

குறட்டை நின்றது.

"ஓரமா ஒதுக்கி வை தம்பி" என்றாள் மெலித்தா, கண்ணைத் திறக்காமலே. "உன்னோடது ஏழாவது லைகஸ்."